ட்ரெக் சோதனையில் டி செல் குறைவு, ஸ்கிட் இல்லை, காரணமும் தெரியவில்லை: அடுத்து என்ன செய்வது?

குறிஞ்சி (இழையைத் தொடங்கியவர்)

இந்தக் கேள்வி பல இழைகளில் துண்டு துண்டாக வந்துகொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் பேசிவிடலாம் என்று இதைத் திறக்கிறேன்.

பச்சிளங்குழந்தைத் திரையிடலில் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ட்ரெக் (தைமஸ் சுரப்பி புதிதாக அனுப்பிய டி செல்களைக் காட்டும் டிஎன்ஏ வட்டம்) குறைவு. இரண்டாவது ரத்தப்பொட்டு அட்டையிலும் குறைவு. ஃப்ளோ சைட்டோமெட்ரி (ரத்தச் செல்களை வகை பிரித்து எண்ணும் சோதனை) செய்தால் டி செல்கள் (நோயெதிர்ப்புக்கான ஒரு வகை வெள்ளையணு) இருக்கின்றன, ஆனால் வயதுக்குப் போதவில்லை. ஸ்கிட் (பிறவியிலேயே நோயெதிர்ப்பு ஏறக்குறைய இல்லாத கடும் நோய்) என்று சொல்லும் அளவுக்கு மோசமும் இல்லை. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது. அறிக்கையில் "காரணம் அறியப்படாத டி செல் குறைவு" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். தடுப்பூசி, தாய்ப்பால், ரத்தம் ஏற்றுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதனை என்ற எதற்கும் அதில் பதில் இருக்காது.

பேச வசதியாக ஒரு மாதிரி அறிக்கை வைத்துக்கொள்வோம். 38 வாரத்தில் பிறந்த குழந்தை, வயது 12 நாள். ஒரு மைக்ரோலிட்டருக்கு சிடி3 (மொத்த டி செல்) 1100, அதன் இரு வகைகளான சிடி4 860, சிடி8 190, மற்ற லிம்போசைட்டுகளான பி செல் 700, என்கே செல் 450. சிடி4 செல்களில் சிடி45ஆர்ஏ (இன்னும் கிருமியைச் சந்திக்காத இளம் செல்லின் அடையாளம்) 84 சதவீதம். இதை வைத்துக்கொண்டு அவரவர் துறையிலிருந்து எழுதுங்கள்.

---

வடிதாள்

திரையிடல் ஆய்வகத்தின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். ட்ரெக் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பது தெரியாமல் போனால் பின்னால் எல்லாமே குழம்பும்.

தைமஸில் டி செல் உருவாகும்போது தன் ஏற்பி மரபணுவை வெட்டி ஒட்டுகிறது. வெட்டுப்பட்ட டிஎன்ஏ துண்டு வட்டமாகச் சுருண்டு செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். அந்த வட்டம்தான் ட்ரெக். செல் இரண்டாகப் பிரியும்போது இது நகலெடுக்கப்படாது; ஒரு மகளுக்குப் போனால் இன்னொரு மகளுக்கு இல்லை. ஆகவே ரத்தத்தில் ட்ரெக் அதிகம் என்றால் தைமஸிலிருந்து புதிதாக வந்த செல்கள் அதிகம் என்று பொருள். மொத்த டி செல் எத்தனை என்பதை ட்ரெக் சொல்லாது. தாயின் டி செல்கள் குழந்தைக்குள் குடியேறியிருந்தாலோ, ஓமன் நோய்க்குறியில் ஒருசில செல்களே பெருகிக் கிடந்தாலோ சிடி3 எண் 3000கூட வரும், ட்ரெக் மட்டும் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். இந்தச் சோதனையின் பலமே அதுதான்.

காய்ந்த ரத்தப் பொட்டிலிருந்து பொதுவாக 3.2 மில்லிமீட்டர் வட்டம் ஒன்றைத் துளைத்தெடுத்து, டிஎன்ஏ பிரித்து, பிசிஆரில் எண்ணுகிறோம். கூடவே பீட்டா ஆக்டின் அல்லது ஆர்என்ஏஸ் பி போன்ற ஓர் ஒப்பீட்டு மரபணுவையும் பார்ப்போம். ட்ரெக் குறைவு, ஒப்பீட்டு மரபணு சரி என்றால் அது உண்மையான குறைவு. இரண்டுமே குறைவு என்றால் மாதிரிதான் சரியில்லை; இன்னொரு அட்டை வேண்டும். மாதிரி கெடுவதற்குப் பெரும்பாலும் இவையே காரணம்: ஹெப்பாரின் ஓடிய குழாயிலிருந்து ரத்தம் எடுத்தது (ஹெப்பாரின் பிசிஆரைத் தடுக்கும்), பொட்டு தாளின் பின்பக்கம்வரை ஊறாதது, ஒரே இடத்தில் இரண்டு துளி மேல்மேலாக விட்டது, ஈரம் காயும் முன் உறையில் போட்டது.

எதற்குக் கீழே குறைவு என்று கொள்ளும் வெட்டு எல்லை ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு. ஓர் ஆய்வகத்தின் 25ஐ இன்னொன்றின் 25ஓடு வைத்துப் பார்க்கக் கூடாது. சில இடங்களில் பிரதி எண்ணிக்கையாகவே தராமல் பிசிஆர் சுழற்சி எண்ணாகத் தருவார்கள். அதில் எண் கூடினால் ட்ரெக் குறைவு என்று தலைகீழாகப் படிக்க வேண்டும்.

குறைமாதக் குழந்தைக்கு இந்த எண் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். ட்ரெக் அறவே இல்லாமல் போகாதவரை, கருவயது 37 வாரத்துக்கு இணையாகும்வரை இடைவெளி விட்டு அட்டையைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதே வழக்கம். இழையின் மாதிரிக் குழந்தை 38 வாரம். அந்தச் சமாதானம் இங்கே செல்லாது.

---

ஃப்ளோமேசை

வடிதாள் முடித்த இடத்தில் தொடர்கிறேன். "சிடி3 1100" என்ற எண் எப்படிப் பிறந்தது என்று முதலில் கேளுங்கள்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, எண்ணிக்கை தெரிந்த நுண்மணிகளைக் கலந்து ஒரே கருவியில் நேரடியாக எண்ணுவது. மற்றொன்று, ரத்த எண்ணிக்கைக் கருவியிலிருந்து லிம்போசைட் எண்ணை எடுத்து ஃப்ளோ தரும் சதவீதத்தால் பெருக்குவது. வெள்ளையணு 7500, லிம்போசைட் 30 சதவீதம் என்றால் 2250. அதில் சிடி3 49 சதவீதம் என்றால் சுமார் 1100. இரண்டாவது வழியில் பிழை இரட்டிக்கும். லிம்போசைட் 30 என்பது உண்மையில் 40ஆக இருந்தால் அதே குழந்தை 1470க்குப் போய்விடும். பல திரையிடல் திட்டங்கள் 1500ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. அப்படி எல்லையை ஒட்டி வரும் எண்ணுக்கு எந்த முறை என்பது பெரிய விஷயம்.

பச்சிளங்குழந்தையின் ரத்தத்துக்கே உரிய ஒரு சிக்கல், உட்கரு உள்ள சிவப்பணுக்கள். கரைக்கும் திரவத்துக்கு இவை முழுதாகக் கரையாது. அளவை மட்டும் பார்த்து வேலி போட்டால் (எந்தச் செல்களை எண்ணுவது என்று எல்லை வகுத்தால்) லிம்போசைட் கூட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு சிடி3 சதவீதத்தைப் பொய்யாகக் கீழே தள்ளும். வெள்ளையணுக்களின் அடையாளமான சிடி45 வைத்து வேலி போட வேண்டும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான கணக்கு: டி, பி, என்கே மூன்றின் சதவீதமும் கூடி 100ஐ ஒட்டி வர வேண்டும். 80தான் வருகிறது என்றால் வேலிக்குள் வேண்டாதது நுழைந்திருக்கிறது. குறிஞ்சி கொடுத்த அறிக்கையில் 1100, 700, 450 கூட்டினால் 2250. சரியாக இருக்கிறது.

மாதிரி இடிடிஏ குழாயில், அறை வெப்பத்தில், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் வர வேண்டும். குளிர்பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். செல் பெருக்கச் சோதனைக்கு ஹெப்பாரின் குழாய் தனியாக வேண்டும், அதுவும் கூடிய சீக்கிரம்.

அடுத்தது இளம் செல்களின் பங்கு. பிறந்த முதல் மூன்று மாதத்தில் சிடி4 செல்களில் ஏறத்தாழ 64 முதல் 95 சதவீதம்வரை சிடி45ஆர்ஏ உள்ளவை. இங்கே 84. நல்ல எண். தாயின் செல்லோ ஓமனோ என்றால் சிடி45ஆர்ஓ (ஏற்கெனவே தூண்டப்பட்ட செல்லின் அடையாளம்) பக்கம் குவிந்திருக்கும். ஆனால் சிடி45ஆர்ஏவை மட்டும் நம்பாமல், இளம் செல்லின் மற்ற அடையாளங்களான சிசிஆர்7 அல்லது சிடி62எல் சேர்த்துப் பாருங்கள். சிடி8இல் இது மிக முக்கியம்; முதிர்ந்து களைத்த சிடி8 செல்லும் சிடி45ஆர்ஏவைத் திரும்பக் காட்டும். சிடி4இல் சிடி31 சேர்த்தால் தைமஸிலிருந்து அண்மையில் வந்தவை எவ்வளவு என்பது இன்னும் தெளிவாகும்.

---

குறிஞ்சி

இளம் செல் 84 சதவீதம் என்றாலே ஸ்கிட் இல்லை என்று பெற்றோரிடம் சொல்லிவிடலாமா?

---

மஜ்ஜை

சொல்லலாம், "முழுமையான ஸ்கிட் இல்லை" என்ற அளவோடு. பழைய வரையறையில் டி செல் 300க்குக் கீழ், பிஎச்ஏ (டி செல்லைப் பெருகத் தூண்டும் பொருள்) தூண்டலுக்கு வினை சாதாரண அளவில் 10 சதவீதத்துக்குக் கீழ், அல்லது தாயின் டி செல் குடியேற்றம். வட அமெரிக்க ஆய்வுக் கூட்டமைப்பின் புதிய வரையறை குழந்தையின் சொந்த டி செல் 50க்குக் கீழ் என்று இன்னும் இறுக்கிவிட்டது. மாதிரிக் குழந்தை இரண்டிலிருந்தும் வெகுதூரம்.

கசியும் ஸ்கிட் வேறு கதை. ஆர்ஏஜி1, ஆர்ஏஜி2, ஐஎல்2ஆர்ஜி, ஏடிஏ போன்ற மரபணுக்களில் பாதி வேலை செய்யும் மாற்றம் இருந்தால் முதல் மாதத்தில் எண் சுமாராக இருந்து பிறகு சரியும். ஏடிஏ குறைபாட்டில் நச்சுப் பொருள் சேரச் சேர செல் சாகும். ஆகவே ஏடிஏ நொதிச் செயல்பாட்டை முதல் வாரத்திலேயே அளக்க வேண்டும். ரத்தம் ஏற்றிவிட்டால் கொடையாளியின் சிவப்பணுவிலுள்ள நொதிதான் அளவில் தெரியும். நொதி மருந்து இருக்கும் நோய் இது, தவறவிடக் கூடாது.

பிஎச்ஏ சோதனையைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். கதிரியக்க தைமிடின் முறையில் சோதனைத் தட்டின் ஒவ்வொரு குழிக்கும் ஒரே எண்ணிக்கை வெள்ளையணு போடுவார்கள். டி செல் குறைந்த குழந்தையின் குழியில் டி செல்லே கொஞ்சம்தான் விழும். ஒவ்வொன்றும் ஒழுங்காகப் பெருகினாலும் மொத்த எண் தாழ்ந்து தெரியும். சிடி3 செல் மட்டும் பிரிகிறதா என்று ஃப்ளோவில் பார்க்கும் முறை இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும். முதல் முறையில் குறைவு வந்தால் இரண்டாவது முறையில் உறுதி செய்யாமல் "செயல் குறைபாடு" என்று எழுதாதீர்கள்.

என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை மட்டும் எதையும் முடிவு செய்யாது. இளம் செல்லின் பங்கு, செயல், காலப்போக்கில் எண் போகும் திசை என்ற மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. "காரணம் அறியப்படாத" என்ற சொல்லை முதல் அறிக்கையிலேயே எழுதுவது அவசரம். தேட வேண்டியதையெல்லாம் தேடிய பிறகே அதை எழுதலாம். அதன் பிறகும் அது தற்காலிகமானதே.

அளவு தெரிய வேண்டும் என்பதற்காக: கலிபோர்னியா திட்டம் 2010 முதல் 2017வரை சுமார் 32.5 லட்சம் குழந்தைகளைத் திரையிட்டதில் 213 பேருக்கு டி செல் 1500க்குக் கீழே. அதில் ஸ்கிட் 50 பேர்தான். மீதிப் பேரில் நோய்க்குறிகள், வேறு உடல்நிலையால் வந்த குறைவு, குறைமாதம், பிறகு காரணம் தெரியாதவை. நாம் பேசிக்கொண்டிருப்பது அந்தக் கடைசிக் கூட்டத்தை.

---

இரவுப்பணி

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து. மரபணுப் பட்டியலுக்குப் போகும் முன் செல் எங்காவது ஒழுகுகிறதா, எதனாலாவது அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஒழுகுவது: மார்புக்கூட்டில் நிணநீர் சேர்வது, கருவிலேயே உடல் முழுக்க நீர் கோத்திருப்பது, வயிற்றுச் சுவர் திறந்து குடல் வெளியே வந்த நிலை, குடலின் நிணநீர்க் குழாய் விரிவு. இவற்றில் டி செல் குறையும், ஆனால் இருக்கும் செல்களில் இளம் செல் பங்கு பெரும்பாலும் கெடாது. ரத்தப் புரதமான அல்புமினும் எதிர்ப்பொருளான ஐஜிஜியும் சேர்ந்தே தாழ்ந்திருந்தால் ஒழுக்கைச் சந்தேகிக்கலாம். ஒழுக்கு நின்றால் எண் ஏறும்.

இதய அறுவை: மார்பெலும்பைத் திறக்கும்போது வழிமறிக்கும் தைமஸின் பெரும்பகுதியை எடுத்துவிடுவார்கள். அறுவைக்கு முன் எடுத்த அட்டை இருந்தால் அது பெரிய உதவி. பின்னால் வந்த குறைவு பிறவியிலா அறுவையிலா என்று அது ஒன்றே சொல்லும். பிறவி இதயக் கோளாறு என்றால் 22க்யூ11.2 இழப்பும் (22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமை; இதயத்தையும் தைமஸையும் பாதிக்கும்) சேர்ந்தே இருக்கலாம் என்பதால் இது சாதாரணக் கேள்வி இல்லை.

மருந்து: குழந்தைக்கு ஸ்டீராய்டு போகிறதா? தாய் கர்ப்பத்தில் அசாதயோப்ரின் எடுத்தாரா? பிந்தையதில் குழந்தையின் டி செல்லும் ட்ரெக்கும் விழுந்து, சில வாரங்களில் தானாக எழுந்ததாகப் பதிவுகள் உண்டு. இந்த ஒரு கேள்வியைத் தாயிடம் கேட்காமல் விடுவதால் வீணாகும் ரத்தக் குழாய்கள் ஏராளம். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்ததா என்றும் கேளுங்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரைக்கும் தைமஸ் வளர்ச்சிக் குறைவுக்கும் தொடர்பு உண்டு.

தொற்று: எச்ஐவி, சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்). இரண்டையும் பிசிஆரில் பாருங்கள். எதிர்ப்பொருள் சோதனை தாயின் ஐஜிஜியைத்தான் காட்டும்.

மார்பு எக்ஸ்ரேயில் தைமஸ் நிழல் தெரியவில்லை என்பதை வைத்து எதுவும் தீர்மானிக்காதீர்கள். உடல் நெருக்கடியில் தைமஸ் சில நாட்களில் சுருங்கிவிடும்.

---

மரபுக்கோடு

நான் அறிக்கையில் வேறொன்றைப் பார்க்கிறேன். சிடி4 860, சிடி8 190. இந்த வயதில் சிடி4 வழக்கமாக 1600 முதல் 4000, சிடி8 560 முதல் 1700. இரண்டும் குறைவு, ஆனால் கீழ் எல்லையோடு ஒப்பிட்டால் சிடி4 பாதி, சிடி8 மூன்றில் ஒன்றுதான். பி, என்கே சரி. இளம் செல் சரி. மஜ்ஜையிலிருந்து விதை வருகிறது, நாற்றங்காலான தைமஸ்தான் சிறியது என்பதுபோல் இருக்கிறது இந்த வடிவம்.

முதலில் குரோமோசோம் மைக்ரோஅரே (குரோமோசோமில் துண்டு இல்லையா, கூடுதலா என்று பார்க்கும் சோதனை). 22க்யூ11.2 இழப்பு வந்துவிட்டால் தேடல் பாதியில் நிற்கும். ஸ்கிட் அல்லாத டி செல் குறைவில் திரையிடலில் அதிகம் அகப்படும் நோய்க்குறி அதுதான். இதயம் இயல்பாக, முகம் இயல்பாக இருந்தாலும் விலக்காதீர்கள். கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், இதய எக்கோ மூன்றையும் அதே வாரத்தில் பாருங்கள். 10ஆம் குரோமோசோமின் குட்டைக் கை இழப்பும் அரேயில் தெரியும்.

அரே இயல்பு என்றால் ஃபாக்ஸ்என்1 (தைமஸ் உருவாகத் தேவையான மரபணு). இரண்டு பிரதியும் கெட்டால் தைமஸே இருக்காது, முடியும் நகமும் வளராது. ஒரு பிரதி மட்டும் கெட்ட குழந்தைகள் ட்ரெக் திரையிடலில் அகப்படுவது 2019இல்தான் விரிவாக வெளிவந்தது. சிசுப்பருவத்தில் டி செல் குறைவு, வயதாக ஆக சிடி4 மேலேறும், சிடி8 குறைவு நீடிக்கும். பெற்றோரின் நகங்களைப் பாருங்கள். குழிந்தோ வெண்திட்டோடோ இருப்பது சிலரில் உண்டு. பெற்றோரின் சிடி8 எண்ணிக்கைக்கும் ஒரு குழாய் ரத்தம் எடுத்துவிடலாம். இந்த மரபணு பழைய ஸ்கிட் தொகுப்புகளில் இருக்காது அல்லது "இரண்டு பிரதியும் மாறினால்தான் நோய்" என்ற கணக்கில் வடிகட்டப்பட்டிருக்கும். ஆய்வகத்துக்கு வெளிப்படையாக எழுதிக் கேட்க வேண்டும்.

அதோடு டிபிஎக்ஸ்1, சிஎச்டி7, பாக்ஸ்1, பிசிஎல்11பி, ஆர்ஏசி2, கோரோ1ஏ, ஏடிஎம் ஆகிய மரபணுக்கள். கடைசிப் பெயரைத் தனியே சொல்ல வேண்டும். ஏடிஎம் கெட்டால் வரும் அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா சிசுப்பருவத்தில் டி செல் குறைவாக மட்டுமே தெரியும். தள்ளாட்டமெல்லாம் பின்னால் வரும். ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் அளந்து விலக்கலாம் என்று நினைப்பார்கள், ஆனால் முதல் மாதங்களில் அது எல்லாக் குழந்தைக்கும் உயர்ந்தே இருக்கும். மரபணுவில்தான் பார்க்க வேண்டும். கதிர்வீச்சைத் தாங்காத நோய் என்பதால் முடிவு வரும்வரை தேவையற்ற எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் வேண்டாம். இதே எச்சரிக்கை ஆர்டெமிஸ் (ஸ்கிட் தரும் இன்னொரு மரபணு) குறைபாட்டுக்கும் பொருந்தும்.

எக்ஸோமில் (புரதம் செய்யும் மரபணுப் பகுதிகள் அனைத்தையும் படிக்கும் சோதனை) எதுவும் வராவிட்டால் ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே தரவை மறுபடி ஆராயச் சொல்லுங்கள். புதிதாக ரத்தம் எடுக்கத் தேவையில்லை.

---

மஜ்ஜை

மரபுக்கோடு சொன்னதில் சிகிச்சைக்கு அடிப்படையான விஷயம் ஒன்று இருக்கிறது. கோளாறு ரத்த மூலச் செல்லிலா, தைமஸிலா என்பது தெரியாமல் எலும்பு மஜ்ஜை மாற்று பற்றிப் பேசவே கூடாது. தைமஸ் இல்லாத குழந்தைக்குப் புது மூலச் செல் கொடுத்தாலும் அது பழகி வளர இடம் இல்லை. அதற்கான சிகிச்சை, வளர்த்தெடுத்த தைமஸ் திசுவைப் பொருத்துவது. அமெரிக்க எஃப்டிஏ 2021 அக்டோபரில் அதற்கு ஒப்புதல் கொடுத்தது. நம் மாதிரிக் குழந்தைக்கு இரண்டுமே தேவைப்படும் அறிகுறி இல்லை. சிடி3 1100, நல்ல செயல், நல்ல இளம் செல் பங்கு உள்ள குழந்தைக்கு மாற்றுச் சிகிச்சையின் ஆபத்து நோயின் ஆபத்தைவிடப் பெரிது.

---

பால்துளி

தாய்ப்பால் பற்றி யாரும் எழுதவில்லை. திரையிடல் முடிவு வந்த அன்றே "பால் கொடுக்காதீர்கள்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் கழித்து "சரி, கொடுக்கலாம்" என்றால் அதற்குள் பால் வற்றியிருக்கும். இது சிறிய இழப்பு இல்லை.

பயப்படுவது சிஎம்விக்காக. முன்பு தொற்று வந்த தாயின் பாலில் வைரஸ் மீண்டும் வெளிவரும். முதல் நாளே தாயின் சிஎம்வி ஐஜிஜி அனுப்புங்கள். எதிர்மறை என்றால் கவலையின்றித் தொடரலாம். நேர்மறை என்றால் ஃப்ளோ வரும்வரை சில நாள் நிறுத்தி வைக்கலாம், ஆனால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டு முறை பாலை எடுத்தே ஆக வேண்டும். எடுத்ததைக் கொட்ட வேண்டாம். 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் சிஎம்வி செத்துவிடும். அப்படிப் பதப்படுத்திய பாலைக் கொடுக்கலாம். உறைய வைப்பது போதாது. வைரஸைக் குறைக்குமே தவிர முழுக்கக் கொல்லாது.

---

மஜ்ஜை

இதில் பெரும்பாலும் உடன்பாடு. ஃப்ளோ வந்த பிறகு என்ன என்பதில் மையத்துக்கு மையம் நடைமுறை வேறுபடும். என் நிலை: டி செல் 300க்குக் கீழ் அல்லது இளம் செல் இல்லை என்றால், சிஎம்வி நேர்மறைத் தாயின் பச்சைப் பால் வேண்டாம். நம் மாதிரிக் குழந்தையின் எண்களைப் போன்றவை இருந்தால் பால் தொடரட்டும். குழந்தையின் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ ரத்தத்திலோ சிஎம்வி பிசிஆரை ஆரம்பத்தில் ஒருமுறையும் பின்தொடர் வருகைகளிலும் பார்த்தால் போதும். நடுவில் 400, 600 என்று நிற்கும் குழந்தைகளுக்குத்தான் உண்மையான தலைவலி. அங்கே பிஎச்ஏ முடிவு வரும்வரை பதப்படுத்திய பால் என்பது நியாயமான நடுவழி.

---

ஊசிஅட்டவணை

உயிருள்ள தடுப்பூசிகள்: பிசிஜி (காசநோய்), ரோட்டா, வாய்வழி போலியோ, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா), சின்னம்மை. காரணம் தெளியும்வரை ஐந்துமே நிறுத்தம். உயிரற்றவை எல்லாம் நாள் தவறாமல். "எதிர்ப்புச் சக்தி குறைவு, ஊசியே வேண்டாம்" என்று மொத்தமாக நிறுத்துவதை அடிக்கடி காண்கிறோம். அது குழந்தையை கக்குவானுக்கும் நியூமோகாக்கஸுக்கும் திறந்து வைப்பது.

ரோட்டாவுக்குக் காலக்கெடு உண்டு. பல அட்டவணைகளில் முதல் டோஸ் 15 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். தெளிவு அதற்குள் வராவிட்டால் அது போகட்டும்.

பிறந்த அன்றே பிசிஜி போடும் நாடுகளில் திரையிடல் முடிவு வரும்போது ஊசி ஏற்கெனவே போயிருக்கும். லேசான குறைவில் உடனே காசநோய் மருந்து தொடங்குவதில்லை. ஊசி போட்ட இடத்தில் புண் பெரிதாவது, அதே பக்க அக்குள் கட்டி, காரணமில்லாக் காய்ச்சல், கல்லீரல் மண்ணீரல் வீக்கம் என்று ஒவ்வொரு வருகையிலும் கையால் தொட்டுப் பாருங்கள். மருந்து தேவைப்படும் நிலை வந்தால், பிசிஜி கிருமி பைரசினமைடுக்கு இயல்பிலேயே கட்டுப்படாது என்பதை மருந்து எழுதுபவர் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகளுக்கு எம்எம்ஆர் போடலாம், போட வேண்டும். வாய்வழி போலியோ மட்டும் வேண்டாம், ஊசி போலியோ. ரோட்டா போட்ட கைக்குழந்தை வீட்டில் இருந்தால் டயப்பர் மாற்றியதும் கை கழுவுவதில் கண்டிப்பு.

---

குறிஞ்சி

நிமோசிஸ்டிஸ் (நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை) தடுப்பு மருந்து? சில இடங்களில் டி செல் 1500க்குக் கீழ் என்றாலே கோ-ட்ரைமாக்சசோல் (ஒரு சல்ஃபாவும் டிரைமெத்தோப்ரிமும் சேர்ந்த மருந்து) தொடங்குகிறார்கள்.

---

மஜ்ஜை

எல்லாருக்கும் வேண்டாம். டி செல் மிகக் குறைவு, இளம் செல் பங்கு குறைவு, அல்லது செயல் குறைவு என்றால் தொடங்குவேன். மாதிரிக் குழந்தைக்குத் தொடங்க மாட்டேன். சிடி4 500ஐ நோக்கி இறங்கினால் மறுயோசனை.

தொடங்குவதானால் முதல் மாதம் கடந்த பிறகு. அதற்கு முன் சல்ஃபா மருந்து பிலிரூபினை அல்புமினிலிருந்து விலக்கிவிடும், மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கலாம். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) பார்த்துவிட்டு, டிரைமெத்தோப்ரிம் கணக்கில் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 5 மில்லிகிராம், வாரத்தில் இரண்டு மூன்று நாள். எடை ஏற ஏற டோஸ் மாற்ற வேண்டும். இதுதான் அதிகம் மறக்கப்படுவது. நியூட்ரோபில் குறைகிறதா என்று மாதம் ஒருமுறை.

---

ஃப்ளோமேசை

பின்தொடர்வில் எண்ணைப் படிக்கும் விதம் பற்றி. நான்கு வாரத்தில் ஒன்று, எட்டு வாரத்தில் ஒன்று, பிறகு ஒரு வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒன்று. நிலையாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒன்று. கூடியவரை ஒரே ஆய்வகம், ஒரே முறை. சளி காய்ச்சலின்போது எடுக்காதீர்கள். சாதாரண வைரஸ் தொற்றிலேயே லிம்போசைட் சில நாள் விழும். மூன்று நான்கு வாரம் கழித்து எடுங்கள்.

வயதோடு சாதாரண அளவே இறங்கும் என்பதை மறக்கக் கூடாது. சிடி3 முதல் மூன்று மாதத்தில் 2500 முதல் 5500. இரண்டிலிருந்து ஆறு வயதில் 1400 முதல் 3700. 1100இல் பிறந்த குழந்தை மூன்று வயதில் 1300இல் இருந்தால் எண் கொஞ்சமே ஏறியது, ஆனால் வயதின் எல்லையை ஏறக்குறைய தொட்டுவிட்டது. வரைபடத் தாளில் குழந்தையின் கோட்டையும் வயதுக்குரிய கீழ் எல்லையையும் சேர்த்து வரைந்தால் பெற்றோருக்கும் புரியும்.

கவலைப்பட வேண்டியது இது: எண் நிலையாக இருக்க, இளம் செல் பங்கு 84லிருந்து 60, 40 என்று வேகமாக விழுவது. தைமஸ் கொடுக்கவில்லை, இருக்கும் செல்களே பெருகி இடத்தை நிரப்புகின்றன என்று பொருள். அதோடு ஈசினோஃபில் (ஒரு வகை வெள்ளையணு) ஏற்றம், தோல் சிவந்து உரிதல், ஐஜிஇ (ஒவ்வாமை சார்ந்த எதிர்ப்பொருள்) உயர்வு சேர்ந்தால் ஓமன் பக்கம் போகிறது. அன்றே நோயெதிர்ப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

---

ஊசிஅட்டவணை

உயிருள்ள ஊசியை எப்போது திரும்பத் தொடங்குவது என்ற கேள்விக்கு 22க்யூ11.2 குழந்தைகளுக்கான அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2013 வழிகாட்டுதலைத்தான் பலரும் நீட்டிப் பயன்படுத்துகிறார்கள்: சிடி3 500க்கு மேல், சிடி8 200க்கு மேல், தூண்டலுக்கு இயல்பான வினை இருந்தால் எம்எம்ஆரும் சின்னம்மையும் போடலாம். மாதிரிக் குழந்தையின் சிடி8 190. அப்படியே நீடித்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் எல்லைக்கோட்டில் நிற்கும்.

நான் கூடுதலாகக் கேட்பது, டெட்டனஸ், டிஃப்தீரியா ஊசியின் மூன்றாவது டோஸுக்கு நான்கு வாரம் கழித்து எதிர்ப்பொருள் அளவு. டி செல் உதவாமல் பி செல் நல்ல எதிர்ப்பொருள் செய்யாது, ஆகவே இது செயல் சோதனையும்கூட. இம்யூனோகுளோபுலின் (கொடையாளிகளின் எதிர்ப்பொருள்) ஏற்றிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இந்த அளவு பொருளற்றது. மேலும், எம்எம்ஆரையும் சின்னம்மையையும் ஒரே நாளில் போடாமல் எம்எம்ஆர் முதலில், நான்கு வாரமாவது கழித்துச் சின்னம்மை என்று பிரித்துப் போடுவது எனக்கு ஏற்புடையது. சின்னம்மைக்கு அசைக்ளோவிர் உண்டு, தட்டம்மைக்கு அப்படி மருந்து இல்லை. ஊரில் தட்டம்மை ஓடும்போது எம்எம்ஆரைத் தள்ளிப்போடுவதும் ஆபத்தான முடிவே.

---

இரவுப்பணி

ரத்தம் ஏற்றுவது மட்டும் விடுபட்டிருக்கிறது. காரணம் தெளியும்வரை இந்தக் குழந்தைக்குப் போகும் சிவப்பணுவும் பிளேட்லெட்டும் 25 கிரே கதிர்வீச்சுக்கு உட்படுத்தியதாக, வெள்ளையணு வடிகட்டியதாக, சிஎம்வி இல்லாததாக இருக்க வேண்டும். கொடையாளியின் உயிருள்ள டி செல் உள்ளே போனால் குழந்தையின் உடலைத் தாக்கும். வந்துவிட்டால் காப்பாற்றுவது அரிது. குழந்தை நன்றாக இருக்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை. நள்ளிரவில் விபத்தோ அவசர அறுவையோ வரும்போது கோப்பு தேட நேரம் இருக்காது.

ஆகவே பெற்றோர் கையில் ஒரு தாள்: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, "டி செல் குறைவு, காரணம் ஆய்வில்" என்ற வரி, கடைசி சிடி3, சிடி4, சிடி8 எண்களும் தேதியும், நிறுத்தப்பட்ட ஊசிகள், கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தம் மட்டும், அழைக்க வேண்டிய மையத்தின் எண். ரத்த வங்கிக் கணினியிலும் இதே குறிப்பை ஏற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு பின்தொடர் வருகையிலும் பழைய தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுங்கள்; கட்டுப்பாடு நீங்கிய பிறகும் பழைய தாளோடு சுற்றும் குழந்தைக்கு ஊசிகள் வருடக்கணக்கில் தள்ளிப்போகின்றன.